பை மாட்டும் கம்பி

நாலரை மணிக்குப் பாய்லரின் வாயைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது சூடு இல்லை, சாம்பல். நேற்று எரிந்து தீர்ந்த விறகின் சாம்பல். அதை நீளக் கரண்டியால் இழுத்துத் தகரத்தில் வாரி, பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு வந்து கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, எண்ணெய்த் துணியைச் சொருகிக் கொளுத்த வேண்டும். ஈரக்கட்டையாக இருந்தால் ஊதி ஊதி நெஞ்சு வற்றிவிடும். ஐந்தரைக்கு அழுத்தமானியின் முள் நாலைத் தொட்டாக வேண்டும். ஆறு மணிக்கு ரோலர் சுடவில்லை என்றால் சூப்பர்வைசர் என்னைச் சுடுவார்.

பத்தொன்பது வருஷமாக இதுதான் என் விடியல்.

எங்களுடையது சலவை ஆலை. மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி, அஞ்சாறு ஓட்டல்களின் துணி. ஊரில் யார் பிறந்தாலும், யார் செத்தாலும், யார் தேனிலவு போனாலும் அந்தப் படுக்கை விரிப்பு எங்களிடம்தான் வரும். வெள்ளாவி, அலசல், பிழிசல் எல்லாம் முடிந்து கடைசியில் ரோலருக்குப் போகும். ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள். உள்ளே என் பாய்லரின் ஆவி ஓடும். ஒருபக்கம் ஈரத்துணியைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் நீங்கி, அப்பளம் போல வெளியே வரும்.

ஆறு மணிக்குப் பெண்கள் வருவார்கள். வந்ததும் சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோய்ப் பாய்லர் பக்கத்துச் சுவரோரம் இருக்கும் ஒரு கம்பியில் மாட்டுவார்கள். இரண்டு கொக்கிகளுக்கு நடுவே கிடைமட்டமாகக் கிடக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்த கம்பி. அதில் மாட்டினால் மதியம் வரைக்கும் சாப்பாடு சூடாக இருக்கும். மழைநாளில் நனைந்த துணியையும் அதில்தான் காயப்போடுவார்கள். என் பையும் அதில்தான், ஓரத்தில்.

அந்தக் கம்பியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

என்னை ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நமக்கெதுக்கு" என்பார்கள். "நமக்கெதுக்கு வந்தாச்சா? ஸ்டீம் ஏறிடுச்சா?" என்று கேட்பார்கள். எதைச் சொன்னாலும் நான் அப்படிச் சொல்வதால் வந்த பட்டம். கூலி பற்றிப் பேச்சு வந்தால் நமக்கெதுக்கு. சங்கத்துக்கு வா என்றால் நமக்கெதுக்கு. ஓட்டுப் போடும் நாள் லீவு விட்டால் நான் குப்புறப் படுத்துத் தூங்குவேன். டீக்கடையில் நாலு பேர் கட்சி பேச ஆரம்பித்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து நின்று குடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. யார் பக்கமும் இல்லாதவன், யாருக்கும் கெட்டவன் இல்லை என்று நினைத்திருந்தேன்.

எனக்கு நாற்பத்தேழு வயதுவரை எழுத்து தெரியாது. சொல்லிக்கொடுத்தது என் கொழுந்தியாள். என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தங்கை, வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். எட்டாவது படித்தவள். அவள் புருஷன் அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு எங்கேயோ போன பிறகு, நான்தான் சூப்பர்வைசரிடம் சொல்லி ரோலரில் சேர்த்துவிட்டேன். ஆலையை ஒட்டிய லைன் வீட்டு வரிசையில் எங்களுக்கு அடுத்த அறை அவளுடையது. லைன் முழுக்க முதலாளியுடையது.

ஆஸ்பத்திரித் துணியின் மூலையில் அழியாத மையில் முத்திரை இருக்கும். எந்த வார்டு என்று. ரோலர் சூடாகும்வரை சின்னவள் ஒரு விரிப்பின் மூலையைப் பிடித்துக் காட்டுவாள்.

"மாமா, இது என்ன?"

"பிரசவ வார்டுத் துணி."

"துணியைப் பாக்காதீங்க, எழுத்தைப் பாருங்க. இது 'ம'. இது 'க'."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"உங்க கண்ணுக்கு நானும் எங்க அக்காவும்கூட ஒண்ணாத்தான் இருப்போம். நல்லாப் பாருங்க."

ஈரத்துணி மேல் ஆள்காட்டி விரலால் எழுதுவாள். விரல் போன வழியில் துணி கொஞ்சம் அழுந்தி எழுத்து தெரியும், பிறகு மெல்ல மறையும். மகப்பேறு, அறுவை, எலும்பு, குழந்தைகள். ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்தே நான் படிக்கக் கற்றேன். ஒரு வருஷத்தில் பெருவிரலில் மை தடவுவதை விட்டுக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அவள் ரோலரை விட்டு ஓடிவந்து சம்பள ரிஜிஸ்டரை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். "பாருங்கய்யா, என் மாணவன்!"

*

மைக் அக்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துணி மடிக்கிறவள். அவள் சாதாரணமாகப் பேசினாலே பிழிசல் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். சங்கத்துக்காரி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னாள்:

"மேல சட்டத்தை மாத்தப் போறாங்களாம். இனிமே இன்ஸ்பெக்டர் வரமாட்டான். மெஷினுக்கு என்ன காவல் வேணும்னு முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கிட்டா போதுமாம். நாளைக்கு எல்லாருமா போய் மனு குடுப்போம். ஒரு அரைநாள்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆண்களில் மூத்தவன் நான், படிக்கவும் தெரிந்தவன்.

"சட்டம், மனு... அதெல்லாம் அரசியல் அக்கா. நமக்கெதுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மைக் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சட்டம் எங்கேயோ இருக்குன்னு நினைக்கிறீங்க அண்ணே. அது உங்க வீட்டுக் கதவைத் தட்டிட்டு வராது" என்றாள்.

அவள் மட்டும் போனாள். லீவு சொல்லாமல் போனதாக அவளை ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள்.

அந்த வாரத்தில்தான் அந்தக் காகிதம் வந்தது.

ரோலரின் வாய்க்கு முன்னால், விரல் மட்டத்தில், ஒரு மஞ்சள் கம்பி உண்டு. காவல் கம்பி. கை அதில் பட்டால் போதும், ரோலர் அதே இடத்தில் நின்றுவிடும். ஆனால் கனத்த விரிப்பு போனாலும் அது பட்டுப்பட்டு நிற்கும். நாளைக்குப் பத்துத் தடவை நிற்கும். வேலை ஓடவில்லை என்று சூப்பர்வைசர் கத்துவார். அன்றைக்கு அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

பெண்கள் என்னிடம் தள்ளினார்கள். "அண்ணே, என்ன போட்டிருக்கு பாருங்க."

படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனாலும் முழுக்கப் படித்தேன். தொழிலாளர்களாகிய நாங்களே கேட்டுக்கொண்டதன் பேரில் காவல் கம்பி கழற்றப்படுகிறது என்று இருந்தது. அதனால் வரும் எதற்கும் நாங்களே பொறுப்பு என்றும் இருந்தது. புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

சூப்பர்வைசர் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் அதைச் சத்தம் போட்டுப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கேள்வி வரும். ஒருத்தி மாட்டேன் என்பாள். பிறகு இன்னொருத்தி. படித்துக் காட்டியது யார் என்று கேட்பார்கள். நான் ஒரு பக்கம் ஆகிவிடுவேன்.

"வழக்கமான ஆபீஸ் காகிதம்தான். போடுங்க" என்றேன்.

சின்னவள் கை ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரியும். காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. "மாணவன் படிச்சப்புறம் வாத்தியார் வேற படிக்கணுமா?" என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஃபிட்டர் வந்து கம்பியைக் கழற்றினான். கழற்றியதை எங்கே வைப்பது என்று கேட்டான். பாய்லர் பக்கத்தில் இரண்டு கொக்கி சும்மா இருந்தது. நான்தான் காட்டினேன்.

*

போன செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி இருக்கும்.

நோயாளிகளுக்குப் போடும் அங்கிக்கு முதுகில் நாடா இருக்கும். அங்கி தனி, விரிப்பு தனி என்று பிரித்துத்தான் போட வேண்டும். அன்று ஒரு அங்கி விரிப்புக்குள் சுருண்டு வந்துவிட்டது. அவள் விரிப்பின் ஓரத்தை ரோலருக்குள் கொடுத்தாள். நாடா அவள் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. ரோலர் துணியை இழுத்தது. துணி நாடாவை இழுத்தது.

அவள் கத்தினாள். அந்தக் கத்தல் இன்னும் எனக்குள் இருக்கிறது, அதை எழுத முடியாது.

ஸ்விட்ச் சுவரில் இருந்தது, அவளிடமிருந்து பத்தடி. மைக் அக்கா பாய்ந்து அணைத்தாள். நான் ஆவி வால்வைத் திருகி மூடினேன். மூடி என்ன? ரோலருக்குள் இருந்த சூடு இருந்ததுதானே. ஃபிட்டர் வந்து மேல் உருளையைச் சக்கரம் சுற்றித் தூக்கும்வரை அவள் கை உள்ளேதான் இருந்தது. அந்த இரும்பைச் சூடாக்கியது என் நெருப்பு. காலையில் கட்டை ஈரமாக இருந்தது என்று சிரமப்பட்டு ஊதிஊதி ஏற்றிய நெருப்பு.

மத்தியானம் இரண்டு மணிக்கு ரோலர் மறுபடி ஓடியது. வேறொருத்தியை அங்கே நிறுத்தினார்கள். கறைபட்ட விரிப்பை மறுபடி வெள்ளாவியில் போட்டு எடுத்து, காயவைத்து, மடித்து, சாயங்கால வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வலதுகை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. புதன்கிழமை போனபோது கண்ணைத் திறந்து பார்த்தாள். அவள் படுத்திருந்த விரிப்பின் மூலையில் எங்கள் முத்திரை. 'அறுவை.' நாங்கள் துவைத்தது.

"மாமா."

"சொல்லு சின்னவளே."

"அந்தக் காகிதத்துல என்ன இருந்துச்சு?"

விரிப்பின் மூலையை மடித்து முத்திரையை மறைத்தேன்.

"சூப்பர்வைசர் வந்திருந்தாரு" என்றாள். "நீங்கதானேம்மா கம்பி வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்கன்னு சொல்றாரு. நான் எப்ப மாமா எழுதிக் குடுத்தேன்?"

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். வாழ்க்கையில் யாரையும் அப்படி நன்றியோடு பார்த்ததில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

*

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார். உட்கார் என்றார். பத்தொன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கால்சட்டையில் சாம்பல் இருந்ததால் நுனியில் உட்கார்ந்தேன்.

"பாவம்ப்பா அந்தப் பொண்ணு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல" என்றார். டைப் அடித்த ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "படிச்சுப் பாரு. படிக்கத் தெரிஞ்ச ஆளாச்சே நீ."

படித்தேன். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளோடு வீட்டு விஷயம் பேசிக்கொண்டே கவனமில்லாமல் துணி போட்டாள். துணியைச் சரியாகப் பிரிக்கவில்லை. காவல் கம்பி தொழிலாளர்கள் விருப்பப்படி முன்பே எடுக்கப்பட்டிருந்தது. இதை நான் நேரில் பார்த்தேன். கீழே ஒரு கோடு. கோட்டின் கீழே என் பெயர், முழுசாக. அதை அச்சில் பார்ப்பது முதல் தடவை.

"நான் எதுக்குங்கய்யா?"

"வேற யாரு? சூப்பர்வைசர் சொன்னா முதலாளியோட ஆளும்பாங்க. அந்த மைக் சொன்னா சங்கம் பேசுதும்பாங்க. நீ ஒரு பக்கமும் இல்லாதவன். ஒரு கொடி பிடிச்சிருக்கியா? ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கியா? உன்னை மாதிரி ஆளு கையெழுத்துதான் எடுபடும்."

"அவ என் கொழுந்தியாங்கய்யா."

"அதனால இன்னும் எடுபடும். சொந்தக்காரனே சொல்றான்னா பொய்யா இருக்குமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கணக்கு சரியாக வந்தால் வாத்தியார் சிரிப்பாரே, அந்த மாதிரி.

"அவளுக்கு என்ன கிடைக்குங்கய்யா?"

"சட்டப்படின்னு போனா, தப்பு அவளோடதுன்னா, ஒண்ணும் கிடையாது. ஆனா நான் விட்டுருவேனா? மனசு பார்த்து ஏதாவது செய்வேன்."

"வீடு?"

"வேலை செய்றவங்களுக்குத்தான் லைன் வீடு. அவ இனிமே என்ன வேலை செய்வா? சரி, நீ கையெழுத்துப் போடு. அவ வீடும் இருக்கும், உன் வீடும் இருக்கும்."

உன் வீடும் என்றார். நான் என் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"எனக்கெதுக்குங்கய்யா இதெல்லாம்? நான் எந்த அரசியலுக்கும் போறதில்ல. விட்டுருங்க" என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல் இருந்தது.

"இதுல என்னப்பா அரசியல்? ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமை வேலை முடியட்டும், சனிக்கிழமை காலையில நானே வந்து வாங்கிக்கறேன்."

வெளியே வந்து பாய்லருக்கு முன்னால் குந்தினேன். போட்டாலும் ஒரு பக்கம், போடாவிட்டாலும் ஒரு பக்கம். சும்மா இருக்கிற இடம் என்று ஒன்று இருந்ததே, அதில் பத்தொன்பது வருஷம் காலை நீட்டிப் படுத்திருந்தேனே, அதை யார் எப்போது எடுத்துக்கொண்டு போனார்கள்? கம்பியில் பைகள் வரிசையாகத் தொங்கின. செவ்வாய்க்கிழமை சின்னவள் மாட்டிய நீலப்பையும் தொங்கியது. யாரும் அதைத் தொடவில்லை. உள்ளே சாப்பாடு கெட்டு வாடை வர ஆரம்பித்திருந்தது. எடுத்துக் கழுவிவைக்க எனக்குக் கை வரவில்லை.

*

மறுநாள் வேலை முடிந்து வந்து பெண்டாட்டியிடம் சொன்னேன். சின்னவளின் மகள் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழாமல் வாசலுக்குக் கூட்டிவந்து சொன்னேன். முதலாளி கேட்டதை முதலில் சொன்னேன். பிறகு எட்டு மாதத்துக்கு முந்தைய காகிதத்தை.

அவள் வாளியில் பாதித் துணியைப் பிழிந்தபடி நின்றுவிட்டாள்.

"புரிஞ்சா படிச்சீங்க?"

"புரிஞ்சுதான்."

"முழுசா?"

"முழுசா."

பிழிந்த துணியை மறுபடி தண்ணீருக்குள் போட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

தெருக்கதவைத் திறந்து வைத்தபடி நின்றாள். நான் செருப்பை மாட்டினேன்.

பார்வையாளர் நேரம் முடிய அரைமணி இருந்தது. சின்னவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் விசிறிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். காகிதத்தில் இருந்ததை வரிக்கு வரி சொன்னேன். மறக்கவே இல்லை எனக்கு. அதுதான் நான் முதன்முதலாக முழுசாகப் படித்த காகிதம்.

முடிந்ததும்,

"ஏன் மாமா?" என்றாள்.

"வம்பு எதுக்குன்னு..."

"யாருக்கு வம்பு?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் விசிறுவதை நிறுத்தினார்.

"எழுத்து சொல்லிக் குடுத்தேன். நீங்க படிச்சுட்டு, படிக்காத மாதிரி இருந்துட்டீங்க." அவள் அழவில்லை. "கைநாட்டாவே இருந்திருக்கலாம் மாமா நீங்க. என்ன எழுதியிருக்குன்னு தெரியலன்னா வேற யாரையாவது கேட்டிருப்பாங்க. நானே படிச்சிருப்பேன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முதலாளி கேட்ட கையெழுத்தைப் பற்றியும் அந்த முதுகிடம் சொன்னேன். திரும்பாமலே, "போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"அது எங்கிட்ட எதுக்கு?" என்றாள். அக்காவும் தங்கையும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். "அங்க போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க."

*

சனிக்கிழமை நாலரை மணிக்குப் பாய்லரின் வாயைத் திறந்தேன். சாம்பலை வாரிக் கொட்டினேன். கட்டையை அடுக்கினேன். பழக்கம், கை தானாகச் செய்தது. எண்ணெய்த் துணியைச் சொருகித் தீப்பெட்டியை எடுத்தவன், அதை மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தேன். இதில் வீரம் கீரம் ஒன்றும் இல்லை. எழுந்து போய்க் கொளுத்திவிடலாமா என்று பத்துத் தடவையாவது நினைத்தேன்.

விடிந்தது. புகைபோக்கிக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதை அப்படிப் பார்த்ததில்லை.

முதலில் வந்தவள் மைக் அக்கா. உள்ளே போய்ப் பையை மாட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். "என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா? முள்ளு கீழேயே கிடக்கு."

"எல்லாரும் வரட்டும் அக்கா. ஒண்ணு சொல்லணும்."

"நீங்களா? சொல்லணுமா?" என்று வானத்தைப் பார்த்தாள், மழை வருமா என்று பார்ப்பது போல.

ஆறுமணிக்குள் முப்பது பேரும் வந்து, பையை மாட்டிவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். கூட்டத்துக்கு முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னேன். காகிதத்தில் இருந்தது, நான் சொன்னது, அவர்கள் போட்டது, முதலாளி இப்போது கேட்பது, எல்லாம். சொல்லி முடித்தபோது யாராவது அடித்தால் தேவலை என்று இருந்தது.

அன்றைக்கு ரோலரில் சின்னவள் இடத்தில் நின்றவள்தான் முதலில் பேசினாள். "நாலு நாளா நான் அதுல கையை விட்டுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு துணிக்கும் சாமியைக் கும்பிட்டுட்டு விடறேன்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சும்மாதான் இருந்தேன்... யாருக்கும் கெடுதல் நினைக்கல" என்று ஆரம்பித்தேன்.

"சும்மாவா?" மைக் அக்காவின் குரல் லைன் வீடுகள் வரைக்கும் போனது. "அந்தச் சும்மாவை நம்பித்தானே அவரு கம்பியைக் கழட்டினாரு! நான் ஒருத்தி கத்தினேன், ஒண்ணும் ஆகல. நீங்க ஒருத்தர் வாயை மூடினது எட்டு மாசம் வேலை செஞ்சிருக்கு அண்ணே!"

ஒருத்தன் சொன்னான்: "எனக்கு மூணு பிள்ளைங்க அக்கா. லைன் வீட்டை விட்டா எங்க போவேன்? என்னை விட்டுருங்க." அவன் உள்ளே போய்விட்டான். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் முதுகில் என்னைத்தான் பார்த்தேன்.

ஃபிட்டர் ஒரு மூலையில் நின்றிருந்தான். "கழட்டினது நான்தான்" என்றான் யாரும் கேட்காமலே. "மாட்டவும் எனக்குத் தெரியும்."

எல்லாரும் பாய்லர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரைக்கும் அது பை மாட்டும் கம்பியாகத்தான் இருந்தது. எட்டு மாதம் எங்கள் சாப்பாட்டைச் சூடாக வைத்திருந்தது. மஞ்சள் பெயின்ட் முக்கால்வாசி உரிந்திருந்தது.

"முதல்ல உங்க பையை எடுங்க அண்ணே" என்றாள் மைக் அக்கா.

போய் எடுத்தேன். அடுத்து அவள் எடுத்தாள். பிறகு சின்னவள் இடத்துக்கு வந்த ரோலர்க்காரி. பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே போன நாலு பேரின் பைகளை யாரோ பத்திரமாக எடுத்து மேசையில் வைத்தார்கள். கடைசியில் நீலப்பை மட்டும் தொங்கியது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. எல்லாரும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள்.

எடுத்தேன். வாடை குப்பென்று அடித்தது. மூடி திறந்து கொட்டிவிட்டு, குழாயடியில் சாம்பல் போட்டுத் தூக்குவாளியைத் தேய்த்தேன். மூன்று தடவை தேய்த்தேன். கழுவிப் பைக்குள் வைத்து என் தோளில் மாட்டிக்கொண்டு வந்தேன். அதுவரைக்கும் அவர்கள் காத்திருந்தார்கள்.

கம்பி நினைத்ததைவிடக் கனம். ஆறு பேர் கை கொடுத்துத் தூக்கினோம்.

ரோலருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தபோதுதான் முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்டது. புகை இல்லாததைப் பார்த்திருப்பார். சூப்பர்வைசர் பின்னால் ஓடிவந்தார். முதலாளி கையில் அந்தத் தாள் இருந்தது. எங்களைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"யாரு நெருப்பு போட வேண்டாம்னது?"

"நான்தாங்கய்யா."

"நீயா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உனக்கு எதுக்குப்பா இந்த அரசியல்? நீ அப்படிப்பட்ட ஆள் இல்லையே."

"அப்படிப்பட்ட ஆளாத்தாங்கய்யா இருந்திருக்கேன். இத்தனை நாளும் உங்க பக்கம்."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். மைக் அக்காதான்.

முதலாளி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இப்போதும் கத்தவில்லை. "ஆஸ்பத்திரி வண்டி எட்டு மணிக்கு வரும். அதுக்குள்ள ஸ்டீம் ஏறலைன்னா வெளியிலிருந்து ஆள் வரும். லைன்ல யார் யார் இருக்கறதுன்னு சாயங்காலம் பேசிக்கலாம்" என்றார். சூப்பர்வைசர் ஒரு நோட்டை எடுத்து எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

பிறகு முதலாளியும் அவரும் ஆபீஸ் பக்கம் போனார்கள். சாயங்காலம் பாத்திரம் பண்டங்களோடு தெருவில் நிற்கும் பெண்டாட்டி கண்ணில் வந்தாள், பள்ளிக்கூடப் பையோடு சின்னவளின் மகள் வந்தாள். முப்பது பேரில் இருபத்தாறு பேர். வெளியிலிருந்து ஆள் வந்தால் என்ன செய்வோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஃபிட்டர் கம்பியின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "நாலு போல்ட்டுல ரெண்டைக் காணோம். கழட்டினப்ப எங்கேயோ வச்சேன். இந்தப் பக்கம் நிக்காது."

"தேடு" என்றாள் மைக் அக்கா.

"தேடறேன். கிடைக்கலைன்னா இரும்புக்கடை திறக்கணும், அங்கதான் வாங்கணும்."

"அதுவரைக்கும்?"

அவன் ஒருபக்கத்தை மட்டும் இறுக்கினான். மறுபக்கம் தொங்கியது. ரோலர்க்காரி போய் அந்த முனையைத் தோளில் தாங்கிக்கொண்டாள். ஒல்லியான பெண், ஐந்து நிமிஷத்தில் முனை கீழே சரிய ஆரம்பித்தது. நான் போய்ப் பக்கத்தில் பிடித்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. அந்தக் கம்பியைச் சில்லென்று நான் தொட்டதே இல்லை.

"நமக்கெதுக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கை வலிச்சா சொல்லுங்க, நான் மாத்திக்கறேன்."

"இன்னும் வலிக்கல" என்றேன்.

ஏழு மணி ஆகியிருந்தது. கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம். எனக்குப் பின்னால் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்க ஆரம்பித்தார்கள்.